குப்பைத் தொட்டியும் நாலு இடைவெளியும்

எழுபத்து மூன்று வயதில் நான் நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறைய. முருகன், சர்க்கரை டாக்டர், பொறுமைசாலியான என் மருமகன் என்று வரிசை நீளும். ஆனாலும் முதல் நன்றி ஜலீல் பாய் வீட்டுப் பச்சைக் குப்பைத் தொட்டிக்குத்தான். இரண்டு சக்கரம் வைத்தது. மூடி உடைந்தது. உடைத்தவன் நான்.

நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று கிள்ளானில் ஒரு பேச்சு உண்டு. இந்தக் கதையில் கழிக்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் என் மனைவி ஏற்கெனவே கழித்துவிட்டாள்.

ஒரு புதன்கிழமை, காலை எட்டு மணி. வழக்கம்போல நண்பர்களோடு பசியாற லிட்டில் இந்தியா தோசைக் கடைக்குக் கிளம்பினேன். என் கார் பழைய நீலக் கார். வயது இருபத்தொன்பது. எண்ணெய் ஒழுகும், ஹார்ன் இருமும். ஆனால் சொன்ன பேச்சு கேட்கும். எங்கள் வீட்டில் என் பேச்சைக் கேட்ட கடைசி ஜீவன் அதுதான்.

எங்கள் குடியிருப்பில், அதாவது தாமானில், ஒரு வளைவு உண்டு. மின்சாரப் பெட்டி இருக்கும் இடம். அதில் திரும்பினால் நேர்ச் சாலை, இடது பக்கம் ஜலீல் பாய் வீடு. அன்று குப்பை எடுக்கும் நாள். லோரி வந்து போய்விட்டது. காலித் தொட்டி இன்னும் வெளியே, சாலையில் ஒரு அடி நீட்டிக்கொண்டு நின்றது. நான் திரும்பினேன். பார்த்தேன். பிரேக்கை மிதித்தேன். க்ரீச்!

கார் நின்றுவிட்டது. ஆனால் நிற்பதற்கு முன்னால் தொட்டிக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டு நின்றது. தொட்டி வெட்கப்பட்டுக் குப்புற விழுந்தது.

சத்தம் கேட்டு முதலில் வந்தவள் என் மனைவி புஷ்பவல்லி. கையில் கரண்டி.

"என்னங்க, எவ்வளவு வேகத்துல வந்தீங்க?"

"இருபது."

"இருபதுல வந்தா தொட்டி ஏன் விழுது?"

"காலித் தொட்டி வள்ளி. பக்கத்துல நின்னு தும்மினாலே விழும்."

"அப்ப தும்மிட்டு வந்திருக்கலாமே. எதுக்குக் காரு?"

தாமானுக்குள் முப்பதுக்கு மேல் போகக்கூடாது என்று பலகை இருக்கிறது. அதனால்தான் இருபது என்றேன். பத்து என்று சொல்லியிருப்பேன், ஆனால் எனக்கும் ஒரு கௌரவம் உண்டல்லவா?

அரை மணி நேரத்தில் செய்தி சுபாங் ஜெயாவுக்குப் போய்விட்டது. அங்கே இருக்கிறாள் என் மகள் விஷ்ணுப்ரியா. போன் வந்தது.

"ப்பா, போதும்லா. காரை வித்துடுங்க. எங்க போகணும்னாலும் கிராப் புக் பண்ணிக்கலாம்."

"நான் நாப்பது வருஷம் கூட்ஸ் ரயில் ஓட்டினவன். கெமாஸ் பக்கத்துல யானை குறுக்கே வந்தப்ப, இருபத்திரண்டு வேகனோட, அதோட தும்பிக்கைக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்தினவன்."

"போன தீபாவளிக்கு ரெண்டு சாண்னு சொன்னீங்க."

பின்னாலிருந்து புஷ்பவல்லி குரல் கொடுத்தாள். "ரயிலுக்கு ஸ்டியரிங்கே கிடையாது. தண்டவாளத்து மேல யாரும் குப்பைத் தொட்டியும் வைக்க மாட்டாங்க."

கடைசியில் மகள் ஒரு தீர்ப்பு சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை வருவாள். இருபதில்தான் வந்தேன் என்று நான் நிரூபித்தால் கார் என்னுடையது. நிரூபிக்க முடியாவிட்டால் சாவி அம்மா கைக்குப் போகும். அதன் பிறகு கார் விற்பனைக்கு.

உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சாவி போய்விட்டால் நான் என்ன ஆவேன்? கேட்டுக்கு உள்ளே நின்று சாலையைப் பார்க்கும் ஆள் ஆவேன். யாராவது கூட்டிப்போக வந்தால் உண்டு. அப்படி நிற்கிற ஆள்களை எங்கள் தாமானில் நான் காரில் போகும்போது தினமும் பார்க்கிறேன். கை அசைப்பேன். அவர்களும் அசைப்பார்கள். அசைப்பது ஒன்றுதான் அவர்களுக்கு மிச்சம்.

ஆகவே அன்று மாலையே ஒரு மாபெரும் முடிவுக்கு வந்தேன். வாயால் வாதாடி இந்த வீட்டில் நான் ஜெயித்ததே இல்லை. விஞ்ஞானத்தால் ஜெயிப்பேன்!

நேராக பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன், காரில்தான். புத்தகக் கடையில் ஃபார்ம் ஃபோர் பௌதிகக் கைடு கேட்டேன்.

"பேரனுக்கா அங்கிள்?" என்றாள் கடைப் பெண்.

"இல்லம்மா. கேஸுக்கு."

சீரான முடுக்கம் என்று ஒரு பாடம். வேகம் ஒரே அளவாகக் கூடிக்கொண்டே போவது, அல்லது ஒரே அளவாகக் குறைந்துகொண்டே வருவது. பிரேக் போட்ட கார் இரண்டாவது ரகம். அதில் மொத்தம் ஐந்து எழுத்து. எஸ் என்றால் போன தூரம். யு என்றால் ஆரம்ப வேகம். வி என்றால் கடைசி வேகம். ஏ என்றால் முடுக்கம். டி என்றால் நேரம். இவற்றில் மூன்று தெரிந்தால் போதும், மற்ற இரண்டும் தானாக வந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் என்று புத்தகம் சொன்னது. கல்யாணத்துக்கு முன்னால் இப்படி ஒரு புத்தகம் யாராவது கொடுத்திருக்கலாம்.

எனக்கு மூன்று தெரியும். கார் நின்றுவிட்டது, ஆக கடைசி வேகம் பூஜ்யம். காய்ந்த தார்ச் சாலையில் பிரேக் போட்டால் ஒவ்வொரு விநாடிக்கும் வேகம் ஏழு ஏழாகக் குறையும் என்று புத்தகமே போட்டிருந்தது. தூரம்? சாலையில் டயர் இழுத்த கறுப்புக் கோடு இருக்கிறதே! போய் அளந்தேன். ஒன்பது மீட்டர்.

முதல் தடவை கணக்கில் கழித்தல் குறியை விட்டுவிட்டேன். கால்குலேட்டர் 'எர்ரர்' என்றது. என் மனைவி எப்போது கால்குலேட்டருக்குள் போனாள் என்று ஒரு நிமிஷம் பயந்துவிட்டேன்.

இரண்டாவது தடவை, இருபதில் வந்தால் எத்தனை மீட்டரில் நிற்கும் என்று திருப்பிப் போட்டேன். இருபத்தெட்டு மீட்டர் வந்தது. அந்தக் கணக்குப்படி என் கார் ஜலீல் பாய் வீட்டு வாசல், ஹால், சமையலறை எல்லாம் கடந்து, அவர் ஆட்டுக்கறி கிளறும் இடத்தில் போய் நின்றிருக்க வேண்டும். கிலோமீட்டரை மீட்டராக மாற்ற வேண்டுமாம். மூணு புள்ளி ஆறால் வகுக்க வேண்டுமாம். இதை முதல் பக்கத்திலேயே போட்டிருக்கலாம். போட்டுத்தான் இருந்தார்கள். நான் இரண்டாம் பக்கத்திலிருந்து படித்தேன்.

மூன்றாவது தடவை எல்லாம் சரி. விடை வந்தது. மணிக்கு நாற்பது.

புத்தகத்தை மூடி வைத்தேன். விஞ்ஞானம் உண்மையைச் சொல்கிறது என்று தெரிந்தது. அதுதான் அதில் உள்ள கஷ்டம்.

ஆனால் நான் யார்? கணக்கைக் கடைசியிலிருந்து போட்டேன். விடை இருபது வரவேண்டுமானால் கோடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்? இரண்டே கால் மீட்டருக்கும் கொஞ்சம் கம்மி. மற்றவர்கள் கோட்டை அளந்து வேகத்தைக் கண்டுபிடிப்பார்கள். நான் வேகத்தை முடிவு செய்துவிட்டுக் கோட்டை அழிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமல் ஒரு வாளி, துணி துவைக்கிற பவுடர், முரட்டு பிரஷ். இரண்டு கறுப்புக் கோடுகளிலும் வேண்டிய நீளத்தை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை மண்டியிட்டுத் தேய்த்தேன். என் முட்டிக்கு அன்று வந்த வலி இன்னும் வீட்டுக்குத் திரும்பவில்லை.

ஜலீல் பாய் கேட்டைத் திறந்துகொண்டு வந்தார். ரொட்டி சானாய்க் கடை நடத்துகிறவர். கடை திறக்கப் போகிற நேரம்.

"என்ன அண்ணே, ரோட்டையா கழுவுறீங்க?"

"உங்க வீட்டு வாசலாச்சே பாய். சுத்தமா இருக்கட்டும்."

"அட, அல்லாஹ்! தொட்டி உடைஞ்சதுக்கா இவ்வளவு? நான் அதை அப்பவே மறந்துட்டேன் அண்ணே. வெள்ளிக்கிழமை அதுவுமா எவ்வளவு பெரிய மனசு உங்களுக்கு!"

கண் கலங்கிவிட்டார். நானும் கலங்கினேன். பவுடர் பட்டுவிட்டது.

ஞாயிறு மாலை ஐந்து மணி. எங்கள் போர்ச்சில் நீதிமன்றம் கூடியது. நீதிபதி என் மகள். பாதிக்கப்பட்டவர் சார்பில் ஜலீல் பாய். எதிர்க்கட்சி என் மனைவி. எல்லார் கையிலும் அவள் பொரித்த கறிப்பாப். நீதிமன்றத்துக்கே எதிர்க்கட்சி சாப்பாடு போட்டால் தீர்ப்பு எப்படி நியாயமாக வரும்?

சுவரில் பெரிய மாஜோங் காகிதம் ஒன்றை ஒட்டி, மார்க்கர் பேனாவால் கணக்கை எழுதினேன். ஐந்து எழுத்தையும் விளக்கினேன். அளவு நாடாவோடு எல்லாரையும் சாலைக்குக் கூட்டிப் போய் மிச்சக் கோட்டை அளக்க வைத்தேன். திரும்பி வந்து பெருக்கினேன். வர்க்கமூலம் எடுத்தேன். சொல்லி வைத்தாற்போல் இருபது! சொல்லித்தான் வைத்திருந்தேன்.

ஜலீல் பாய் கை தட்டினார். விஷ்ணுப்ரியா வாய் பிளந்தாள். "ப்பா, உங்களுக்கு பிஸிக்ஸ் தெரியுமா?"

"ரயில் ஓட்டினவனுக்குத் தெரியாத பிஸிக்ஸா?"

நான் எதிர்பார்த்தது சண்டை. புஷ்பவல்லியோ கறிப்பாப் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். "கணக்கு சரியாத்தான் இருக்கு. இருபதுன்னே வச்சுக்குவோம்."

நாற்பத்து மூன்று வருஷத்தில் அவள் என்னோடு ஒத்துப்போனது இதுதான் முதல் தடவை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும். உங்க காரு ஒழுகுது இல்ல?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. வயசான காரு."

"அப்ப வாங்க. ரோட்டுல ஒண்ணு காட்டுறேன்."

மறுபடி ஊர்வலம். மின்சாரப் பெட்டியருகே போய் நின்று கீழே காட்டினாள். சாலை நடுவில் கறுப்பாக ஒரு புள்ளி. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. வரிசையாக, ஜலீல் பாய் வீட்டு வாசல் வரைக்கும். நான் ஓரத்துக் கோடுகளைத் தேய்த்தேனே தவிர, நடுவில் ஒரு வரிசை இருப்பதைப் பார்க்கவே இல்லை.

என் மனைவி ஒரு பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் உதவியாளராக வேலை பார்த்தவள். அங்கே அவள் போத்தல் கழுவினாள் என்றுதான் நான் இவ்வளவு காலம் நினைத்திருந்தேன். கேட்டதும் இல்லை. அன்றுதான் சொன்னாள்.

"பிள்ளைங்க சின்ன ட்ராலி ஓட்டுவாங்க. அதுக்குப் பின்னால ஒரு காகித நாடா. மிஷின் ஒரே தாளத்துல அதுல புள்ளி குத்திக்கிட்டே இருக்கும். புள்ளிக்குப் புள்ளி ஒரே இடைவெளின்னா ஒரே வேகம். இடைவெளி குறைஞ்சா பிரேக். ஒழுகுற வண்டி சொட்டுறதும் அப்படித்தான். வருஷத்துக்கு அஞ்சு வகுப்பு. அந்த நாடாவை வெட்டி ஒட்டிக் கொடுத்ததே நான்தான். ப்ரியா, அளம்மா."

மகள் அளந்தாள். ஜலீல் பாய் தோள் துண்டைக் கொடியாக ஆட்டி, வந்த இரண்டு மோட்டார்சைக்கிள்களை நிறுத்தினார்.

"அஞ்சரை மீட்டர்மா. அடுத்தது... அஞ்சரை. அஞ்சரை. இதுவும் அஞ்சரை. அப்புறம் நாலே முக்கால். மூணே கால். ஒண்ணே முக்கால். அவ்வளவுதான், தொட்டி வந்துருச்சு."

"பாத்தியா? கடைசி மூணும் ஒன்றரை ஒன்றரையா குறையுது. சீரான முடுக்கம். உங்கப்பா புத்தகத்துல இருக்கிறதேதான். பிரேக் அங்கதான் ஆரம்பிக்குது. அந்த இடத்துக்கும் கோடு ஆரம்பிக்கிற இடத்துக்கும் ஏன் இவ்வளவு தூரம்னு நான் கேக்கல."

அவள் கேட்காததற்கு மனதுக்குள் நன்றி சொன்னேன்.

"நான் கேக்கிறது முன்னால இருக்கிற நாலு இடைவெளி. மின்சாரப் பெட்டியைத் தாண்டினதுமே தொட்டி கண்ணுக்குத் தெரியும். தெரிஞ்ச பிறகும் நாலு இடைவெளிக்கு வேகம் கொஞ்சமும் குறையல. உங்க இருபதை மீட்டராக்கினா விநாடிக்கு அஞ்சரை. அப்ப ஒரு இடைவெளிக்கு ஒரு விநாடி. நாலு இடைவெளி. தொட்டியைப் பாத்துக்கிட்டே நாலு விநாடி உங்க கால் என்ன செஞ்சிக்கிட்டு இருந்துச்சு?"

"நாலு விநாடியா?" என்றார் ஜலீல் பாய். "நாலு விநாடியில நான் ஒரு ரொட்டியை வீசிக் கல்லுல போட்டுருவேன் அண்ணே!"

"ப்பா, நாலு விநாடி தூங்கிட்டீங்களா?"

ரயில் ஓட்டிய காலைத் தூங்குமூஞ்சி என்று சொன்னால் யார் பொறுப்பார்? எனக்கு ரோஷம் வந்தது.

"யாரு சொன்னது இருபதுன்னு? நாப்பதுல வந்தேன்! நாப்பதுன்னா ஒரு இடைவெளிக்கு அரை விநாடி. மொத்தமே ரெண்டு விநாடிதான்!"

"ஓ. நாப்பதா?" என்றாள் புஷ்பவல்லி.

"ரெண்டு விநாடியும் அதிகம்பா," என்றாள் மகள்.

"எண்பதுன்னு வச்சுக்கோ! ஒரே விநாடி!"

"தாமானுக்குள்ள எண்பதா?"

"நூத்தறுபதுன்னா அரை விநாடி அண்ணே," என்று ஜலீல் பாய் எனக்கு உதவி செய்தார். "ஆனா நூத்தறுபதுல வந்திருந்தா நம்ம தொட்டி இப்ப கடல் தாண்டி பூலாவ் கெத்தாம்ல இருக்கும்."

அப்போதுதான் எனக்கே கேட்டது நான் என்ன பேசிக்கொண்டிருக்கிறேன் என்று. வேகத்தைக் குறைத்தால் கால் தூங்குகிறது. காலை எழுப்பினால் வேகம் ஏறுகிறது. எந்தப் பக்கம் திருப்பினாலும் சாவி அவள் பக்கம்தான் உருள்கிறது.

எல்லாரும் சிரித்தார்கள். புஷ்பவல்லி மட்டும் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்தாள். குரலும் இறங்கிவிட்டது.

"கணக்கை விடுங்க. நீங்களே சொல்லுங்க. தொட்டியை எப்பப் பாத்தீங்க?"

பொய் சொல்ல எனக்கு எப்போதும் ஒரு விநாடிகூட ஆகாது. அன்று வரவில்லை.

"திரும்பினதுமே பாத்தேன் வள்ளி. பிரேக் போடணும்னு நினைச்சேன். நினைச்சிட்டேன். கால் அப்புறமாத்தான் போச்சு. இப்பல்லாம் கொஞ்ச நாளா அப்படித்தான்."

ஜலீல் பாய் துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணே, நான் யார்கிட்டயும் சொல்லல. அன்னைக்குத் தொட்டியை உள்ள இழுக்கத்தான் கேட்டைத் திறந்துக்கிட்டு வந்தேன். கையை வைக்கப் போறேன், ஷைமா உள்ளேருந்து கூப்பிட்டா, வாப்பா, உங்களுக்கு போன் வந்திருக்குன்னு. போனேன். ஹலோன்னு சொல்றேன், டமார்னு கேக்குது."

ஷைமா அவர் மகள். அந்த நேரத்தில் பாய்க்குப் போன் செய்த புண்ணியவான் யாரோ, அவருக்கும் என் நன்றி. பச்சைத் தொட்டி நின்ற இடத்தைப் பார்த்தேன். குனிந்தால் ஜலீல் பாயும் அதே உயரம்தான். இருபதில் வந்திருந்தாலும் நாற்பதில் வந்திருந்தாலும் என் கால் எனக்குச் சொல்லாமல் எங்கோ போய்விட்டுத்தான் வந்திருக்கும்.

சாவியை இடுப்பிலிருந்து எடுத்தேன். புஷ்பவல்லி கையில் வைத்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே கொடுத்தேன். இதை நீங்கள் கழிக்காமல் எழுதிக்கொள்ளலாம்.

"ரொம்ப நன்றி வள்ளி," என்றேன்.

அவள் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே?"

அடுத்த வாரமே மேரு பக்கத்திலிருந்து ஒரு மெக்கானிக் வந்து காரை ஓட்டிப் போனார். நான் கேட்டுக்கு உள்ளே நின்று கை அசைத்தேன். ஆனால் நான் பயந்த மாதிரி அங்கேயே நின்றுவிடவில்லை. மறுநாள் காலை புஷ்பவல்லி செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். "நடங்க. நானும் பசியாற வரேன்." நாற்பத்து மூன்று வருஷத்தில் அவளை ஒரு நாளும் அந்தக் கடைக்குக் கூட்டிப் போகவில்லை என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளுக்குத் தோசையைவிடப் பூரிதான் பிடிக்கும் என்பதும் தெரிய வந்தது. சில நாள் கொமுட்டர் ரயில் பிடித்து பிரிக்ஃபீல்ட்ஸ் வரைக்கும் போகிறோம். ஜன்னலோரம் எனக்கு. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நான் யானைக் கதை சொல்வேன். பக்கத்துச் சீட்டில் புது ஆள் யாராவது இருந்தால் அவளும் தலையாட்டுவாள். இப்போது யானை என் இன்ஜினுக்கு ஒரு சலாம் போட்டுவிட்டுத்தான் காட்டுக்குள் போகிறது.

உயிரோடு ஜலீல் பாய், கூட நடக்கப் புஷ்பவல்லி, கையில் ஒரு கறையும் இல்லை. இதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்? அவ்வளவு நிறைவாக இருந்தேன், போன புதன்கிழமை வரைக்கும்.

போன புதன்கிழமை பசியாறக் கிளம்பியபோது வளைவில் காலடியில் பார்த்தேன். புதுசாக, ஈரமாக, கறுப்பாக ஒரு புள்ளி. ஐந்தரை மீட்டர் தள்ளி இன்னொன்று. அதற்கப்புறம் இன்னொன்று. ஜலீல் பாய் வீடு நெருங்க நெருங்க இடைவெளி குறைந்து, வரிசை புதுத் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றது. என் காரை விற்று மூன்று வாரம் ஆகிறது. குனிந்து முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாசனை இல்லை. அழுகின முட்டைக்கோஸ் வாசனை.

"வள்ளி! இது என் காரோட புள்ளியே இல்லை! குப்பை லோரி ஒழுகிக்கிட்டுப் போனது! ஒவ்வொரு வாரமும் இங்கே வந்து பிரேக் போடுறது அவன்தான்! உனக்கு இது தெரியுமா?"

அவள் நடையைக் குறைக்காமல் சொன்னாள்.

"தெரியுமே. புள்ளிதான் லோரிக்காரனோடது. நாப்பதுன்னு சொன்ன வாய் உங்களோடதுதானே?"